சிறுதுளைத் துவக்கும் சொந்தத் தோட்டாவும்



துவக்கு என்ற சொல்லை வானொலியிற் சொல்லுமுன் சற்றே தயங்க வேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டில் முடிந்த நீண்ட போருக்குப் பின்னர், அச்சொல் நம்மவர் செவியில் வேட்டையையோ விளையாட்டையோ நினைவூட்டுவதில்லை. ஆயினும், இன்று நான் பேச எடுத்துக்கொண்டது போர்க்களத்துத் துவக்கன்று. தகரப் பேணியைச் சுட்டு விழுத்தி மகிழ்வதற்கென்று பலர் வைத்திருக்கும் றைபிள் அது. கையிற் கனக்காதது, பென்சிலின் பருமன்கூட இல்லாத துளையுடையது. அந்தச் சிறு றைபிளின் ஆற்றல் போதாதென்று, அதற்கான தோட்டாவைத் தாமே வடிவமைக்கத் துணிந்த சில அமெரிக்கரைப் பற்றியும் சொல்வேன். அவர்களுள் வழக்கறிஞர் இருந்தார், படை அதிகாரி இருந்தார், ஊர்த் துவக்குத் தச்சர்கள் இருந்தார்கள். விளையாட்டாகத் தொடங்கிய அவர்களுடைய வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பேச்சின் பிற்பகுதியிற் காண்போம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். இவ்வகைத் துவக்கை '.22' என்று அழைப்பார்கள். ஓர் அங்குலத்தை நூறாகப் பகுத்தால் அதில் இருபத்திரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீற்றர், அதன் குழலின் உட்துளை. துளையின் சுவரிலே சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கவ்விக்கொண்டு வரும் சன்னம் பம்பரம்போற் சுழன்றபடி வெளியேறும். சுழலும் பொருள் நேர்திசை தப்பாமற் செல்லும் என்பது பம்பரம் விட்ட பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த உண்மை. றைபிளுக்கும் வாய்க்குழல் வழவழப்பான வேட்டைத் துவக்குக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இத்துவக்கு பிறந்த இடம் ஒரு வீட்டுக்கூடம் என்றால் வியப்பாயிருக்கும். 1845ஆம் ஆண்டளவில் பாரிசு நகரத்திலே லூயி நிக்கொலா புளோபேர் என்ற துவக்குத் தச்சர் ஒரு சிறு தோட்டாவை உருவாக்கினார். அக்காலத்துத் துவக்குகளில், தட்டினாற் பொறி கக்கும் செப்பு மூடியொன்று மருந்தைப் பற்றவைப்பதற்காகத் தனியே பொருத்தப்பட்டிருந்தது. புளோபேர் அந்த மூடியின் வாயிலேயே சின்ன ஈயக் குண்டொன்றைச் செருகிவிட்டார். வேறு வெடிமருந்தே அதில் இல்லை. மூடிக்குள் இருந்த பொறிமருந்து வெடித்த வேகம் மட்டுமே குண்டைத் தள்ளியது. செல்வர் வீடுகளிலே, இராப்போசனத்தின் பின் கூடத்தின் ஒரு கோடியில் இலக்குப் பலகையை வைத்து, மறு கோடியில் நின்று சுட்டு விளையாடினார்கள். கூடத் துவக்கு என்றே அதற்குப் பெயரும் வந்தது.

அமெரிக்காவில் ஸ்மித் அன் வெசன் கம்பனியார் இந்தச் சிறு மூடியைச் சற்றே நீட்டி, உள்ளே கருமருந்தும் இட்டு, 1857இல் தம் கைத்துப்பாக்கிக்கென வெளியிட்டார்கள். இன்று '.22 சோட்' எனப்படுவது அதுதான். பின்னர், மாசச்சூசெற்சு மாநிலத்து ஸ்டீவன்ஸ் கம்பனியார் 1887இல் '.22 லோங் றைபிள்' என்ற தோட்டாவைக் கொணர்ந்தார்கள். 5 கிறெயின் கருமருந்து. 40 கிறெயின், அதாவது 2.6 கிராம், நிறையுள்ள ஈயச் சன்னம். அதற்குப்பின் கருமருந்து போய்ப் புகையற்ற மருந்து வந்தது. குழலைத் துருப்பிடிக்கச் செய்த பழைய பொறிமருந்து போய் 1920களின் பிற்பகுதியில் துருப்பிடிக்கச் செய்யாத பொறிமருந்து வந்தது. தோட்டாவின் உருவமோ அன்றிருந்தபடியே இன்றும் இருக்கிறது. உலகிற் பெருந்தொகையாகச் செய்யப்படும் தோட்டாக்களுள் ஒன்று அது.

இதன் உட்கூற்றைச் சற்று விளக்க வேண்டும்; பின்னே வரும் கதையெல்லாம் இதிலேதான் தொங்குகிறது. பித்தளைக் கோதின் அடியிலே மெல்லிய விளிம்பு ஒன்று மடிந்திருக்கும். அந்த மடிப்பின் உட்புறமெங்கும் பொறிமருந்து பரப்பப்பட்டிருக்கும். துவக்கின் ஊசி விளிம்பை நசுக்கியதும் தீப் பிறக்கும். மிக எளிய அமைப்பு; ஆகவேதான் மலிவு. ஆனால், இவ்வெளிமைக்கு விலையும் உண்டு. விளிம்பு நசுங்கும்படி கோது மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய கோது பெரிய அமுக்கத்தைத் தாங்காது. ஒருமுறை நசுங்கிய விளிம்பை மீண்டும் உபயோகிப்பதும் இயலாது. சுட்ட கோது குப்பைக்கே போகும்.

பெரிய தோட்டாக்களின் கதை வேறு. அவற்றின் கோது தடித்தது. அடியின் நடுவிலே சிறு குழியில் தனியான பொறிமூடி பதிக்கப்பட்டிருக்கும். சுட்டபின் பழைய மூடியைத் தட்டி எடுத்துப் புதியதை வைத்து, மருந்தும் சன்னமும் இட்டு, அதே கோதைப் பலமுறை பயன்படுத்தலாம். வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் இந்த நடுமூடியினாலேயே சாத்தியமாயிற்று.

இனி விளையாட்டுக்கு வருவோம். வேலியின் மேல் தகரப் பேணிகளை அடுக்கி வைத்துச் சுடுவதை அமெரிக்கர் 'பிளிங்கிங்' என்கிறார்கள். தகரத்திற் சன்னம் படும்போது எழும் ஒலியே அச்சொல். நம் மொழியிற் சொல்வதானால் 'டிங்' என்று வைத்துக்கொள்ளலாம். இதோடு தொடர்புடைய ஒரு தம்பதியர் உண்டு. தெக்சாசு மாநிலத்தைச் சேர்ந்த அடொல்ப் டொப்பர்வைன் என்பவர் வின்செஸ்டர் கம்பனிக்காக ஊரூராகச் சென்று துவக்கு வித்தை காட்டியவர். அவர் மனைவி எலிசபெத் திருமணத்தின் பின்னரே துவக்கைக் கையிலெடுத்தவர். பேணிகளைச் சுட்டுப் பழகும்போது, இன்னொன்றை எறியுங்கள், நான் 'பிளிங்க்' செய்கிறேன் என்று அவர் சொல்ல, அதுவே 'பிளிங்கி' என்ற செல்லப் பெயராக நிலைத்தது என்பார்கள். பின்னாளில் கணவருக்குச் சற்றும் குறையாத குறிகாரியாக அவர் விளங்கினார்.

கணவர் செய்த காரியமும் சாமானியமானதன்று. 1907 டிசம்பரிலே சான் அந்தோனியோ நகரத்தில், இரண்டேகால் அங்குல மரக்கட்டைகளை வானில் எறியச் செய்து, .22 றைபிளால் பத்து நாட்கள் சுட்டார். கட்டைகள் 72,500, தவறியவை 9. இந்தச் சாதனை அரை நூற்றாண்டு நின்றது. 1959இல் றெமிங்டன் கம்பனியின் விற்பனையாளர் தொம் பிறை என்பவர் 100,010 கட்டைகளைச் சுட்டு ஆறே ஆறைத் தவறவிட்டார்.

பிறை உபயோகித்த றைபிளையும் கவனிக்க வேண்டும். 'நைலோன் 66' என்பது அதன் பெயர். றெமிங்டன் அப்போது டியூபொன்ட் என்ற இரசாயனக் கம்பனியின் உடைமையாயிருந்தது. வால்நட் மரத்திலே செதுக்கும் அடிக்கட்டையை விட்டு, டியூபொன்ட் தயாரித்த நைலோனை வார்த்து, றைபிளின் உடலை ஆக்கினார்கள். பழைய வேட்டைக்காரர் முகஞ்சுளித்தார்கள்; பிளாத்திக்குத் துவக்கா என்று நகைத்தார்கள். அதன் நிறை நான்கு இறாத்தல். மழையில் ஊறாது, வெயிலில் வளையாது, எண்ணெயும் பெரிதாக வேண்டாது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. அதன் பின் 1964இல் வந்த ருகர் கம்பனியின் '10/22' ஏறக்குறைய ஐந்து இறாத்தல் நிறையுடையது. பத்துத் தோட்டாக்களைச் சுழலும் சிறு பெட்டிக்குள் வைத்திருக்கும். இன்றும் அது தயாரிப்பில் இருக்கிறது.

நிறை குறைவது நன்மைதானா என்று கேட்டால், என் விடை இரண்டு பக்கமும் சாயும். நெடுந்தூரம் நடப்பவருக்கும், சிறியோருக்கும், தோள் மெலிந்தோருக்கும் இலேசான றைபிள் வரப்பிரசாதம். ஆனால் நின்றபடி குறிபார்க்கும்போது, இலேசான குழல் மூச்சுக்கும் நாடித் துடிப்புக்கும்கூட அசையும். கனமான குழல் அசைய மறுக்கும். ஒலிம்பிக் போட்டியாளர் கையிலிருக்கும் .22 றைபிள் பத்து இறாத்தலைத் தாண்டியிருப்பது இதனாற்றான். பெரிய துவக்கில் நிறை குறைந்தால் தோளிலே உதை கூடும். .22இன் உதை இல்லையென்றே சொல்லத்தகும் அளவினதாகையால், அதை எவ்வளவு இலேசாக்கினாலும் சுடுபவனுக்கு வலிக்காது. வலிக்காத காரணத்தாலேயே அதை அற்பமாக எண்ணுபவரும் உளர். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்தச் சிறு துவக்கு இங்கிலாந்திற் பரவிய வரலாற்றில் நம் நாட்டின் பெயரும் ஒரு மூலையில் வருகிறது. 1899 டிசம்பரிலே தென்னாபிரிக்காவில் போயர் என்ற ஒல்லாந்த வழிக் கமக்காரர், பிரித்தானியச் சேனையை ஒரே வாரத்தில் மூன்றிடங்களில் முறியடித்தார்கள். அவர்கள் குதிரையேற்றமும் குறிபார்த்தலும் சிறு வயதிலேயே கற்றவர்கள். அவர்களிற் கைதியானோரில் ஏறக்குறைய 5,000 பேரை 1900ஆம் ஆண்டு முதல் நம் தியத்தலாவை முகாமிற்றான் வைத்திருந்தார்கள். கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டாலும், தம் நாட்டு இளைஞருக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியாது என்ற கவலை பிரித்தானியரை விடவில்லை. 1901இல் தொழிலாளருக்கான துவக்குக் கழகங்களின் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. தென்னாபிரிக்காவிற் சேனைத் தலைவராயிருந்த லோட் றொபேட்ஸ் அவ்வியக்கத்துக்குப் பெருந்துணையாயிருந்தார். படைத் துவக்கைப் பழக நூற்றுக்கணக்கான யார் நீளமான வெளி வேண்டும். இலண்டன் போன்ற நகரத்தில் அதற்கு எங்கே போவது? .22 றைபிளுக்கோ 25 யார் போதும். தேவாலய மண்டபத்திலும், தொழிற்சாலைக் கொட்டகையிலும், புகையிரதப் பாலத்தின் கமானுக்குக் கீழேயும் கழகங்கள் முளைத்தன. 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே சிறுதுளைத் துவக்குப் போட்டிகளும் இடம்பெற்றன.

பிரித்தானியர் கடதாசி இலக்கோடு திருப்தியடைந்தார்கள். அமெரிக்கக் கமக்காரருக்கு அது போதவில்லை.

அமெரிக்காவின் கிழக்குப் பிரதேசத்து மேய்ச்சல் நிலங்களிலே 'வூட்சக்' என்றொரு பிராணி வாழ்கிறது. அணில் இனத்தது, ஆயினும் பூனையளவு பருத்தது. அது தோண்டும் வளைகளில் மாட்டின் காலும் குதிரையின் காலும் அகப்பட்டு முறியும். பயிரையும் அது தின்னும். எச்சரிக்கையுள்ள பிராணி, ஆளைக் கண்டதும் வளைக்குள் மறைந்துவிடும். எனவே நூற்றைம்பது யார் அப்பால் நின்றே சுட வேண்டும். .22 லோங் றைபிளின் சன்னமோ 50 யாரில் குறி சரியாக இருக்குமாறு அமைத்தால், 100 யாரில் ஏறக்குறைய ஆறு அங்குலம் தாழ்ந்துவிடும். பெரிய மான்வேட்டைத் துவக்கைக் கொண்டுவந்தாற் பேரொலியால் அயலவர் முறையிடுவர். குறி தப்பிய கனத்த சன்னம் கல்லிற் பட்டுத் தெறித்து எங்கே போகுமோ தெரியாது. சிறிய துளை, ஆனால் மிகுந்த வேகம், தட்டையான பாதை, நிலத்திற் பட்டதும் நொறுங்கிவிடும் மெல்லிய சன்னம்: இதுவே அவர்கள் தேடிய பொருள். கம்பனிகள் அதை விற்கவில்லை. ஆகவே தாமே செய்யத் தொடங்கினார்கள்.

வழிகாட்டியாயிருந்தவர் சாள்ஸ் நியூட்டன். தொழிலால் வழக்கறிஞர். அவர் வடிவமைத்த .22 தோட்டாவொன்றை 1912இல் சவேஜ் கம்பனி வாங்கி விற்றது. அதைக் கொண்டு சீனாவின் பூக்கியன் மாகாணத்திலே ஹரி கால்ட்வெல் என்ற பாதிரியார் புலி வேட்டையாடினார். கம்பனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்! பாதிரியாரின் துணிவைப் போற்றலாம், பின்பற்றுதல் அறிவுடைமையன்று. மூன்றாண்டின் பின், நியூட்டன் சவேஜ் கம்பனிக்காகவே சற்றுப் பெரிய துளையுள்ள '.250' தோட்டாவையும் வடிவமைத்தார். அதன் கோது வேறொரு கதைக்கு விதையாயிற்று.

1920களில் ஸ்பிறிங்பீல்ட் அரசாங்க ஆயுதசாலையைச் சார்ந்த சிலர், ஓய்வு நேரத்திலே ஒரு பழம்பொருளைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1885இல் கருமருந்துக்கென வந்து, மறக்கப்பட்டுக் கிடந்த சிறு நடுமூடித் தோட்டா அது. கேணல் டவுன்சென்ட் வேலன், வொட்கின்ஸ் முதலியோர் அதற்குப் புகையற்ற மருந்தும் உறையிட்ட சன்னமும் இட்டுப் பார்த்தார்கள். வேகம் விநாடிக்கு 2,400 அடியை எட்டியது. லோங் றைபிளினதைப்போல் இருமடங்கு. 'ஹோர்னெட்', அதாவது குளவி, என்று பெயரிட்டார்கள். 1930இல் வின்செஸ்டர் கம்பனி அத்தோட்டாவை விற்பனைக்கு விட்டபோது ஒரு விநோதம் நிகழ்ந்தது. தோட்டா கடைக்கு வந்துவிட்டது. அதைச் சுடக்கூடிய துவக்கை அக்கம்பனி இன்னும் செய்திருக்கவில்லை! துவக்குத் தச்சர்கள் பழைய .22 றைபிள்களின் அறையைப் பெரிதாக்கிக் கொடுத்தே முதலிலே குளவியைப் பறக்கவிட்டார்கள். பிற்காலத்தில் அமெரிக்க விமானப் படையினர், காட்டில் விழுந்த விமானிக்கு உணவு தேட உதவும் நான்கு இறாத்தல் மடிப்புத் துவக்குக்கும் இதே தோட்டாவைத் தெரிந்தெடுத்தார்கள்.

கம்பனி அட்டவணையில் இல்லாத இத்தகைய சொந்தத் தோட்டாக்களை 'வைல்ட்கேட்', காட்டுப்பூனை, என்று அழைக்கிறார்கள். வீட்டுப் பூனைக்குப் பாலூற்ற ஆள் உண்டு. காட்டுப்பூனை தன் இரையைத் தானே தேட வேண்டும் என்று நான் பொருள் கொள்கிறேன். இதன் செய்முறை, சொல்லக் கேட்டால் எளிதுபோற் தோன்றும். சந்தையிற் கிடைக்கும் பித்தளைக் கோதொன்றை எடுத்து, உருக்கு அச்சுக்குள் அமுக்கி, அதன் கழுத்தை ஒடுக்கி, சிறிய சன்னத்துக்குப் பொருத்துவது ஒரு வழி. மற்ற வழியில், துவக்கின் அறையையே சிறிது அகலமாகக் குடைந்துவிடுவார்கள். அதற்குள் சாதாரணத் தோட்டாவைச் சுட்டதும், வெடியமுக்கத்தால் கோது பலூன்போல் விரிந்து புதிய அறையின் உருவை எடுக்கும். லைல் கில்போண் என்ற நியூயோர்க் மாநிலத்துத் துவக்குத் தச்சர் 1940இல் ஹோர்னெட்டின் சரிந்த தோளை இவ்விதம் நிமிர்த்தி, அதற்கு இன்னுஞ் சிறிது வேகம் தந்தார். அவர் பெயரின் முதலெழுத்தோடு அது 'கே-ஹோர்னெட்' என்றாயிற்று.

முன்னே சொன்ன நியூட்டனின் .250 கோதைக் கழுத்து ஒடுக்கி .22 சன்னத்தை வைத்தவர் பலர். அவர்களுள் கெப்பி என்பவர் 1937இல் தம் வடிவத்துக்கு 'வார்மின்டர்' என்று பெயரிட்டு, அப்பெயரைத் தமக்கே பதிவு செய்துகொண்டார். மற்றத் தச்சர்கள் விட்டார்களா? பெயரைத் தொடாமல் '.22-250' என்று இரண்டு எண்களை அறையிற் பொறித்து, அதே துவக்கைச் செய்து விற்றார்கள். பதிவு செய்த பெயர் மறைந்தது, எண்கள் நிலைத்தன. ஏறக்குறைய முப்பதாண்டு காட்டில் அலைந்த அப்பூனையை 1965இல் றெமிங்டன் கம்பனி வீட்டுக்குள் எடுத்துக்கொண்டது.

வேகவெறி சிலருக்குத் தலைக்கேறியதும் உண்டு. கொலராடோ மாநிலத்துத் திரினிடாட் நகரில் துவக்குத் தச்சுக் கல்வி புகட்டிய பி. ஓ. அக்லி என்பவர் சிறுதுளைத் தோட்டாக்களுக்குத் தந்தை போன்றவர். வெடிக்கும்வரை துவக்குகளைச் சோதித்து, பெறுபேற்றை மறைக்காமல் எழுதியவர். விநாடிக்கு 5,000 அடி வேகம் கிட்டுமா என்று பார்ப்பதற்காக, யானை வேட்டைத் தோட்டாக்களுக்கு உடன்பிறப்பான .378 வெதர்பி என்ற பருத்த கோதின் கழுத்தை .22 அளவுக்கு அவர் ஒடுக்கினார். அண்டாவுக்குள் ஊதுகுழல் செருகியதுபோன்ற தோற்றம். 'இயர்கெஸ்பிலிட்டன் லவுடன்பூமர்' என்று, காதைப் பிளக்கும் பேரிடி எனப் பொருள்படும்படி, செர்மானிய மொழியைக் கேலிசெய்து பெயர் வைத்தார். 4,600 அடியை எட்டியது, ஐயாயிரம் கிட்டவேயில்லை. கோதிலே எவ்வளவு மருந்து நிரப்பினாலும் ஒடுங்கிய துளையினூடாக வாயு செல்லக்கூடிய அளவுக்கு எல்லையுண்டு என்பதை உலகம் அதிற் கண்டது. வேடிக்கைதான், ஆயினும் வேடிக்கையில் அளந்தெடுத்த உண்மை இருந்தது.

இதற்கு நேர்மாறான குணமுடையவர் றெமிங்டன் கம்பனியின் பொறியியலாளர் மைக் வோக்கர். வேகத்தைத் துரத்தாமல் செம்மையைத் தேடியவர். மேசைமேல் றைபிளைச் சாய்த்து, சன்னங்கள் ஒரே துளையில் விழுமாறு சுடும் போட்டியிலே ஈடுபாடுடையவர். 1950இல் அவர் வடிவமைத்த '.222 றெமிங்டன்' பழைய கோதொன்றின் திருத்தமன்று. அடியிலிருந்து புதிதாக வரையப்பட்டது. வூட்சக் வேட்டைக்காரரும் இலக்குச் சுடுவோரும் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டாடினார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1957இல் அமெரிக்கத் தரைப்படை இலேசான படைத் துவக்கொன்றைக் கேட்டது. ஐந்நூறு யார் தொலைவில் உருக்குத் தலைக்கவசத்தைத் துளைக்க வேண்டும், துவக்கு ஆறு இறாத்தலளவில் இருக்க வேண்டும், துளை.22. ஆர்மலைற் கம்பனியின் யூஜின் ஸ்டோனர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது வோக்கரின் தோட்டாவே. அதன் கொள்ளளவு சற்றுப் போதாதிருந்ததால் கோதை நீட்டினார்கள். '.223 றெமிங்டன்' பிறந்தது. படையில் அதன் பெயர் 5.56 மில்லிமீற்றர். எம்-16 என்ற துவக்கோடு அது வியட்நாம் சென்றது. 1980இல் வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகள் அத்தோட்டாவைப் பொது அளவாக ஏற்றன. பழைய 7.62 தோட்டா ஒன்றின் நிறைக்கு இதில் ஏறக்குறைய இரண்டு வரும். ஆகவே, வீரனொருவன் அதே சுமையில் இருமடங்கு சுடலாம்.

தன் மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் பிராணியைத் தொலைவிலிருந்து சுட விரும்பியவரின் தேவையும், ஒரே துளையில் ஐந்து சன்னங்களை இறக்க விரும்பியவரின் பொழுதுபோக்கும், படைகளின் தோளிற் போய் ஏறின. வோக்கர் போர்த் தோட்டா செய்யப் புறப்படவில்லை. சிறு துளை, குறைந்த நிறை, மிகு வேகம் என்ற மூன்றையும் இணக்கிக் காட்டினார். இணக்கம் ஒருமுறை வெளிப்பட்டபின் அதை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. பொழுதுபோக்குத் துவக்கின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சில் உறுத்தும் இடம் இது.

அற்பமாக எண்ணுபவரும் உளர் என்றேனே, அதற்கு வருகிறேன். லோங் றைபிள் தோட்டாவின் சன்னம் ஒன்றரை மைல் தூரம்வரை ஆபத்தானது என்று தோட்டாப் பெட்டிகளிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். நம் ஊர்க் கணக்கில் யாழ்ப்பாணம் பெரிய கடையிலிருந்து நல்லூர்க் கோயிலையும் தாண்டலாம். மேலும், மெதுவாகச் செல்லும் வழவழப்பான ஈயச் சன்னம் தண்ணீரிலும் கருங்கல்லிலும் பட்டு நொறுங்காமல் தெறிக்கும் இயல்புடையது. பெரிய துவக்கைக் கண்டு அஞ்சும் மனிதன் இதைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டு அப்பால் திரும்புகிறான். பேணிக்குப் பின்னே மண்மேடு இல்லாத இடத்தில் இந்த விளையாட்டுக்கே இடமில்லை.

வீட்டுத் தோட்டா வேலையில் ஆபத்து இன்னும் நுட்பமானது. ஹோர்னெட் போன்ற சின்னக் கோதில் மருந்தின் அளவு மிகச் சிறிது. பெரிய கோதிற் கவனிக்கத் தேவையற்ற சிறு வேற்றுமை, இங்கே அமுக்கத்தைப் பெரிதும் கூட்டிவிடும். அமெரிக்காவில் கம்பனிகளும் நூலாசிரியர்களும் சோதித்து வெளியிட்ட அட்டவணைகள் உண்டு. காட்டுப்பூனைக்கு அட்டவணை அரிது. தன் கண்ணையும் கையையும் பணயம் வைத்தே ஒருவன் முதற் சன்னத்தைச் சுடுகிறான்.

நம் நாட்டில் துவக்கு வைத்திருக்கவே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். வீட்டில் தோட்டா செய்து பார்க்கும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. வன்னியிலும் கிழக்கிலும் காட்டோரக் கிராமங்களில் ஒளித்துக் கட்டப்படும் கட்டுத்துவக்கை இதனோடு ஒப்பிட நினைப்பவர் இருக்கக்கூடும். அது வேறு சாதி. நீர்க்குழாயும் கம்பியும் கொண்டு ஆக்கப்பட்டு, சுடுபவன் இல்லாமலே சுடுவது. வந்தது பன்றியா, யானையா, விறகுக்குப் போன மனிதனா என்று அது பாராது.

சிறுதுளையின் எல்லை .22ஓடு நின்றுவிடவுமில்லை. 2002இல் ஹோர்னடி கம்பனி .22 மக்னம் விளிம்புத் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி, .17 அங்குலச் சன்னத்தை வைத்தது. அச்சன்னத்தின் நிறை 17 கிறெயின், ஏறக்குறைய ஒரு கிராம். வேகமோ விநாடிக்கு 2,550 அடி. நூறு யாரில் எலுமிச்சம்பழத்தைத் தவறாமற் சுடலாம். பலமான காற்றடித்தால் அந்தப் பஞ்சு நிறைச் சன்னம் விலகிப் போகும் என்பதே அதன் குறை. பத்தாண்டின் பின் பழைய ஹோர்னெட் கோதும் இவ்வாறே .17 ஆகி, கம்பனி அட்டவணையில் ஏறியது. அக்லி போன்றோர் அரை நூற்றாண்டுக்கு முன்னரே செய்து பார்த்த வேலைதான்.

அட்டவணையில் ஏறாமலே போன காட்டுப்பூனைகள் எண்ணில. செய்தவர் இறந்தபின் அவருடைய றைபிள் பிள்ளையின் கைக்கு வருகிறது. குழலிற் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் நன்று. பொறிக்காவிட்டால், தோற்றத்தில் ஒத்த ஏதோவொரு தோட்டாவை அவன் அறையில் இட்டுச் சுட்டு, முகத்தருகே பூட்டு வெடித்துச் சிதற நேரலாம். அறிந்த தச்சரிடம் கொடுத்தால், கொதிநீரின் சூட்டுக்கும் குறைவான வெப்பத்தில் உருகும் கலப்புலோகம் ஒன்றை அறைக்குள் வார்ப்பார். ஆறும்போது சற்றே சுருங்கி, தடையின்றி அது வெளியே வரும். ஒரு மணி நேரம் வைத்திருந்தால் மீண்டும் விரிந்து, அறையின் உண்மையான அளவுக்கு வந்து நிற்கும். கழுத்தையும் தோளையும் அடியையும் நுண்ணளவுகோலால் அளந்து, தந்தையார் எந்தக் கோதிலிருந்து அதைச் செய்தார் என்பதைத் தச்சர் பிள்ளைக்குச் சொல்வார். சிலவேளை, ஒன்றோடும் பொருந்தவில்லை என்று கூறித் துவக்கைத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு.